ஒரே ஃபோனிலிருந்து

மஸ்கட்,
ஞாயிறு

அன்புள்ள டெல்சிக்கு,

மாதா காவலில் இங்கே எனக்குச் சுகம். அம்மைக்கு முட்டுவலி குறைஞ்சுதா? உனக்கு இருமல் விட்டுதா?

பிளாக் எழுதினா காசு வருமா, நம்பலாமான்னு உன் தம்பி ஷிஜின் கேட்டானாமே. ஏமாத்து இல்லை, ஆனா அதை நம்பிக் களியக்காவிளை கடை வேலையை விடவேண்டாம்னு சொல்லு. குளச்சல் மீனைப் பத்தி நான் எழுதுற பிளாக்குக்கு விளம்பரம் குடுத்த கம்பெனி, போன வாரம் என் கணக்கை மூடிட்டுது. ஒரே ஃபோனிலிருந்து தினமும் யாரோ எல்லா விளம்பரத்தையும் அமுக்கியிருக்காங்களாம். அது கள்ளத்தனமாம்.

எனக்கு உடனே சிரிப்பு வந்துட்டுது. ஜெபமாலை முடிஞ்சதும் உக்காந்து, எனக்குக் காசு சேரட்டும்னு ஒண்ணு விடாம அமுக்கினது நீதானே? அழாதே மக்கா, அப்படி ஒரு விதி இருக்கிறது எனக்கே தெரியாது. வீடியோ கால்ல சொன்னா என் முகத்தைப் பார்த்திருவ. அதான் எழுதி, லீவுக்கு வர்ற வினிஸ்டன் கையில குடுத்து விடுறேன். அந்தக் காசை நம்பி, கிறிஸ்மஸுக்கு ஒரேயடியா ஊருக்கு வந்திருவேன்னு சொன்னது மட்டும் இப்போ நடக்காது.

அவன் திரும்பும்போது கொஞ்சம் நல்லமிளகும், என் பழைய நீலச் சாரமும் குடுத்து விடு. இங்கே வாங்கின லுங்கி உடம்புல ஒட்டவே மாட்டேங்குது.

வேலைக்குக் கூட்டிட்டுப் போற வண்டிக்காரன் வந்து ஹாரன் அடிக்கிறான். ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன். பிளாக்குல இனி விளம்பரம் வராது. இருந்தாலும் ஜெபமாலை முடிஞ்சதும் ஒருக்கா திறந்து பாரு. அன்னைக்கு எத்தனை பேர் வந்தாங்கன்னு எனக்குக் காட்டும். இத்தனை மாசமும் அது பெரும்பாலும் ஒண்ணுதான். அந்த ஒண்ணைப் பார்த்துட்டுத்தான் நான் படுக்கிறது.

உன்
கிளீட்டஸ்