யானைக்குள் இருந்த மோரிஸ்

இந்தப் புகைப்படத்தில் ஒரு யானை இருக்கிறது. சாக்குத்துணிக்குச் சாம்பல் நிறம் அடித்த யானை. அதன் வயிற்றுக்குக் கீழே ஒரு சக்கரம் தெரிகிறது. எங்கள் எழுத்து வகுப்பு டீச்சர் கண்காட்சிக்காக இதைக் கொண்டுவந்து, "தாத்தா, உள்ள இருக்கிறது என்ன காடி?" என்று கேட்டார்.

சக்கர மூடி நடுவில் புடைத்திருந்தது. பம்பரில் ஒட்டுப்போட்டதுபோல ஒரு தகடு. பழைய மோரிஸ் மைனர் கார்தான். மூடியின் ஓரத்து நெளிசலும் எனக்குத் தெரிந்ததுதான்.

"நான் வேலை பாத்த முதலாளியோட டாக்சி. ஓட்டினது நான்."

"உங்களையே காணோமே, தாத்தா!" என்று டீச்சர் சிரித்தார்.

என்னைக் காணோம். ஆனால் சக்கரத்தின் பக்கத்தில் ஒரு கை, கையில் பிரம்பு. அது நீ.

கம்போங் செட்டி கிராமத்தில் பிறந்து மலாய் மட்டுமே பேசிய உனக்குத் தமிழில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. எண்பது வயதில் எனக்கு வந்த எழுத்து இதுதான். இந்த ஒரு பக்கத்துக்கு மூன்று நாள் ஆயிற்று. எவ்வளவு சுகம் தெரியுமா!

நாடு சுதந்திரம் பெற்றபோது நடந்த ஊர்வலம். காஜா என்றால் மலாயில் யானை, அதனால் நம் காஜா பெராங்கிலிருந்து யானைதான் போக வேண்டும் என்றார் கமிட்டித் தலைவர். என்னை உள்ளே உட்காரவைத்து, கதவுகளின் மேல் மூங்கிலை வளைத்துக் கட்டினீர்கள். வெளியே வர வழி வைக்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். யானையின் வாயில் நான் பார்க்க ஓர் ஓட்டை இருந்தது. புறப்படும்போது ஓர் அக்கா, "மாலை போடாம யானைய அனுப்புவாங்களா?" என்று பெரிய செவ்வந்தி மாலையைப் போட்டார். ஓட்டை மறைந்தது. எடுக்கப் போனாய். "மாலையில கைய வைக்காதே, அபசகுனம்!" என்றார் தலைவர்.

அதனால் நீ மட்கார்டில் பிரம்பால் தட்டிக்கொண்டே நடந்தாய். ஒரு தட்டு இடம், இரண்டு வலம், மூன்று நிறுத்து.

பாதி வழியில் ரேடியேட்டர் கொதித்தது. ஆவி உள்ளே வந்தது. கதவைத் தள்ளினேன், மூங்கில் அசையவில்லை. மறு கதவும் அப்படியே. "சபார், தம்பி, சபார்," பொறு பொறு என்றாய். பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்த மேடையைத் தாண்டும்வரை நிற்கக்கூடாது என்று தலைவர் கத்துவது கேட்டது. நான் அழுதுவிட்டேன். "தொறந்து விடுடா, செத்துருவேன்!"

அந்தத் தமிழ் உனக்குத் தெரியாது. ஆனாலும் மூன்று தட்டு விழுந்தது.

மேடைக்கு நேர் எதிரே நீ கத்தியால் யானையின் வயிற்றைக் கிழித்து, மூங்கில் கட்டை அறுத்துக் கதவைத் திறந்தாய். கூட்டம் சிரித்தது. என் முகத்தை யாரும் பார்க்காதபடி உன் சட்டையைக் கழற்றி என் தலையில் போட்டாய். ஏன் கிழித்தாய் என்று தலைவர் கேட்டதற்கு, கை தவறிவிட்டது என்றாய்.

அதன் பிறகு காப்பிக்கடையில் உனக்கு அதுவே பெயர். "வாப்பா யானைக்கிழிச்சான், இன்னிக்கு எதைக் கிழிக்கப் போற?" நீ சிரித்தாய். அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். நான்தான் அழுதேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தச் சிரிப்பிலிருந்து இரண்டு பேரும் வெளியே வந்திருக்கலாம். சொல்லவில்லை. நீ செத்து, உன்னை எடுத்துக்கொண்டு போன அன்றும் வாசலில் யாரோ அந்தப் பெயரைச் சொன்னார்கள். தலையைக் குனிந்துகொண்டேன்.

நேற்று கண்காட்சியில் படத்துக்குக் கீழே அட்டை வைத்திருந்தார்கள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'கார்: மோரிஸ் மைனர். ஓட்டுநர்: தெரியவில்லை.' படத்தில் காணாத என்னை டீச்சர் நம்பவில்லை போலும்.

டீச்சரிடம் பென்சில் கேட்டு வாங்கினேன். என் பெயரை எழுதினேன். அதன் கீழே, 'உள்ளே அழுதது நான். திறக்கச் சொன்னது நான். திறந்தவர் இவர்' என்று எழுதி, உன் பெயரை, வீட்டார் வைத்த முழுப் பெயரை, பெரிதாக எழுதினேன்.

எழுதி முடித்ததும் மேசையை மூன்று முறை தட்டினேன்.