ஒடெஸா ஊர்ப்பேர் அல்ல

மார்ச் 9, 1996, ஹூஸ்டன்
இன்று கார் கழுவுமிடத்தில் ஏழாவது வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். டிக்கியில் இருந்த ஸ்பீக்கரில் என் பாட்டு ஓடியது. வண்டிக்காரர் என்னிடமே சொல்கிறார்: "கேட்டியா தங்கச்சி, என்னமா பாடுறான் இந்த ஆளு." ஆளாம். சிரித்து வைத்தேன், வேறென்ன செய்ய?

எல்லாம் பாட்டு டேப் போட்டு விற்கிற என் பெரியம்மா மகன் செட்ரிக்கின் வேலை. நான் நியூயார்க்கில் வளர்ந்தவள். அங்கே ராப் என்றால் மூச்சு விடாமல் வார்த்தையைக் கொட்ட வேண்டும். கலிஃபோர்னியாக்காரர்கள் சாவகாசமாக, பேசுகிற மாதிரியே பாடுவார்கள். இந்த ஊரிலோ எதுவானாலும் டேப்பின் வேகத்தைக் குறைத்து ஜவ்வாக இழுத்தால்தான் பாட்டு. செட்ரிக் இழுத்த இழுப்பில் என் குரல் தடித்து ஆம்பளைக் குரலாகிவிட்டது.

மார்ச் 10
செட்ரிக்குடன் சண்டை. டேப்பில் என் பேரை எழுதச் சொன்னேன். "பொம்பளை பாடுனதுன்னு தெரிஞ்சா எவன்டி வண்டியில போடுவான்? பேசாம இரு" என்கிறான். பேசாமல் இருக்கவா பாடினேன்?

மார்ச் 23
புதுப் பாட்டுக்குள்ளேயே நாலு இடத்தில் ஒடெஸா என்று என் பேரை வைத்துவிட்டேன். இனி என்ன சொல்கிறார்கள் பார்ப்போம்.

ஏப்ரல் 13
சொல்லிவிட்டார்கள். "இவன் மேற்கே ஒடெஸாக்காரனாம், எண்ணெய்க் கிணத்துல வேலை பார்த்தவனாம்." வண்டி கழுவ வந்த இரண்டு பேர் சத்தியம் பண்ணுகிறார்கள். அதில் ஒருத்தர் அவனோடு பீர் குடித்திருக்கிறாராம்!

இந்த டெக்சாஸில் அப்படி ஓர் ஊர் இருந்து தொலைக்க வேண்டுமா? எனக்குப் பேர் வைக்கும்போது அம்மா ஒரு தடவை வரைபடத்தைப் பார்த்திருக்கலாம்.

ஏப்ரல் 14
அழுதேன். ச்சே.

ஏப்ரல் 27
இழுத்தால் குரல் இறங்குகிறது. சரி — இறங்குகிற அளவுக்கு முன்னாலேயே ஏற்றிவிட்டால்?

கீச்சுக் குரலில், வழக்கத்தைவிட வேகமாகப் பாடினேன். செட்ரிக் சிரித்த சிரிப்பில் நாற்காலியிலிருந்து விழாத குறை. "என்னடி, பொறியில மாட்டுன எலி மாதிரி?" என்றான். இழுத்துப் பார் என்றேன். மாட்டானாம். அப்படியானால் இனி உனக்குப் பாட மாட்டேன் என்று மைக்கைக் கீழே வைத்தேன். நிஜமாகத்தான் சொன்னேன்.

முணுமுணுத்துக்கொண்டே இழுத்தான். டேப் ஓடி முடிந்தது. பிறகு, "இன்னொரு தடவை போடவா?" என்று கேட்டான்.

மே 18
அன்றைக்கு வந்த அதே வண்டிக்காரர். உள்ளே புது டேப். இழுத்த பாட்டுதான், ஆனால் பெண் குரல், என் குரல். யார் இந்தப் பொண்ணு, தெரியுமா என்று கேட்டார்.

"நான்தான். ஒடெஸா என் பேரு."

நம்பவில்லை. டேப்பை நிறுத்திவிட்டு, எங்கே பாடு என்றார். அவருக்குப் பழகிய அதே மெதுவான கதியில், ஒவ்வொரு வார்த்தையாகப் பாடினேன். இரண்டாவது வரியிலேயே வண்டியை விட்டு இறங்கினார். என் கையிலிருந்த ஈரத் துண்டை வாங்கிக்கொண்டார். நான் பாடி முடிக்கும்வரை மீதிக் கதவுகளை அவரே துடைத்துக்கொண்டிருந்தார்.