நேராகப் போகும் குண்டு

2014 ஜூன் 2, திங்கள்

வெயில். கத்திரி முடிந்தும் விட்டபாடில்லை. மத்தியானத்துக்கு மேல் மேல்காற்று. செம்மண் முழுக்க வீட்டுக்குள்.

ரிடையர் ஆகி ஒரு மாதம் ஓடிவிட்டது. 15ஆம் தேதி சென்னையிலிருந்து மகள் மல்லிகா வண்டியோடு வருகிறாள், எங்களையும் சாமான்களையும் அள்ளிப் போக. அதோடு கம்பெனி குவார்ட்டர்ஸ் சாவியும் கைவிட்டுப் போகும்.

கட்ட வேண்டியவை: பீரோ துணி. பழைய கேசட். சுவர்க் கண்ணாடி (கழற்றியாயிற்று). அம்மி (கோமதி விடமாட்டாள்).

பின்பக்கப் பலாவில் ஒரே ஒரு காய்தான் மிச்சம். மற்றதெல்லாம் குரங்குகள் முடித்துவிட்டன. இதையாவது மல்லிகாவுக்குக் காப்பாற்ற வேண்டும். இந்த மரத்தடியில் தவழ்ந்தவள். இந்த மரத்துப் பழம் அவளுக்கு இதுவே கடைசி.

அதற்காக நேற்று பாண்டி சண்டே மார்க்கெட்டில் ஒரு பொம்மைத் துப்பாக்கி வாங்கினேன். ஏர்சாஃப்ட் என்றான் கடைக்காரன். ஒவ்வொரு முறையும் ஸ்பிரிங்கை இழுத்துச் சுட வேண்டும். கூடவே ஒரு பை மஞ்சள் பிளாஸ்டிக் குண்டு, மிளகைவிடச் சற்றுப் பெரிது.

கோமதி இடுப்பில் கை வைத்துக்கொண்டு: "அறுபது வயசுல துப்பாக்கியத் தூக்கிக்கினு நிக்கிறீங்க. அதுங்க மேல ஒண்ணு பட்டுச்சு, எனக்குக் கெட்ட கோவம் வரும்."

குரங்கைச் சுட நான் என்ன பாவியா? மரத்தில் ஒரு கிரீஸ் டப்பா மூடியைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். குண்டு பட்டால் டங் என்று சத்தம். அந்தச் சத்தத்துக்கே ஓடிவிடும்.

"அந்த மூடியில ஒரு கயித்தக் கட்டி இழுத்தா ஆவாதா?"

எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

ஜூன் 4, புதன்

காலையில் ஐம்பது குண்டு. மூடியில் பட்டவை இரண்டு. அவமானம்.

ஒரு குண்டு 0.12 கிராம் என்று பையில் போட்டிருக்கிறது. கிளம்பும்போது வேகம்தான். பாதி வழியில் காற்று அதை முருங்கை மரத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது.

கீழே கிடந்ததைப் பொறுக்கி, கழுவி, முறத்தில் காயவைத்து மறுபடி போட்டேன். ஒரு பழைய நட்டைக்கூடத் தூக்கிப் போடாமல் மெயின்டனன்ஸில் காலம் தள்ளிய புத்தி. நாலாவது குண்டு குழாயிலேயே சிக்கிக்கொண்டது. மண் ஒட்டியிருந்திருக்கிறது.

கோமதி: "வடகம்னு நெனச்சி ரெண்ட வாயில போட்டிருப்பேன்."

மாலை குரங்கு ஏழு. வரிசையாக மதிலில். நான் குழாயைக் குத்திக்கொண்டிருப்பதை வேடிக்கை பார்த்தன. ஒன்று இறங்கி, காய்க்குக் கட்டிய சாக்கைப் பிராண்டிப் பார்த்துவிட்டுப் போனது. நண்பன் ஆரோக்கியத்துக்குப் போன் செய்தேன்.

பி.பி. மாத்திரை தீர்ந்துவிட்டது.

ஜூன் 5, வியாழன்

ஆரோக்கியம் வந்தான். சுரங்கத்துக் கன்வேயர் செக்‌ஷனில் என்னோடு ஒரே நாளில் சேர்ந்தவன், முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே ஷிப்டு. எனக்கு முன்னால் ரிடையர் ஆகிப் பக்கத்து ஊரான வடக்குத்தில் வீடு கட்டிக்கொண்டான். சைக்கிளை நிறுத்தும் முன்பே சிரிப்பு.

கம்பியில் துணி சுற்றிக் குழாயைச் சுத்தம் செய்தான். மஞ்சள் குண்டு ஒன்றைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தான்.

"இன்னாடா சிங்காரம், இது பஞ்சு. இந்தக் காத்துக்கு நிக்குமா? 0.20 போடு, நேராப் போவும்."

"0.25 இன்னும் கனமா இருக்குமே?"

"இருக்கும். உன் ஸ்பிரிங்கு அதத் தள்ளாது. பாதியிலயே குந்திக்கும்."

மகனிடம் சொல்லி வரவழைத்துத் தருகிறானாம். போகும்போது காலியான ஷெல்ஃபைப் பார்த்தான். "அப்ப நெஜமாவே போற" என்றான். நான் டீயை ஆற்றினேன்.

ஜூன் 10, செவ்வாய்

வெள்ளைக் குண்டு வந்துவிட்டது, 0.20. ஆனால் அப்படியே போட ஆரோக்கியம் விடவில்லை. கழற்றிய கண்ணாடியைத் தரையில் போட்டு, ஒரு பக்கம் தீப்பெட்டி முட்டுக் கொடுத்து, ஒவ்வொன்றாக உருட்டினான். நேராக உருண்டது எவர்சில்வர் டம்ளரில். வளைந்து ஓடியது கொட்டாங்கச்சியில்.

"வெள்ளையா இருக்கறதெல்லாம் நல்ல குண்டு இல்ல. ஒட்டுத் தழும்பு இருந்தா வளைஞ்சிக்கினு போவும். நீ எவ்ளோ குறி பாத்தாலும் படாது."

தலைவலி என்று சொல்லி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

எழுதிவிடுகிறேன். இந்த டைரியை யார் பார்க்கப்போகிறார்கள்.

மல்லிகா பிறந்த டிசம்பர். கிறிஸ்துமஸ் அன்று எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் லீவு, பேசி முடிவு பண்ணுங்கள் என்றார் ஃபோர்மேன். ஆரோக்கியத்துக்குச் செஞ்சிக்கு அந்தப்பக்கம் ஊர், அப்பா தனியாக இருந்தார். எனக்குத் திருவதிகையில், மாமியார் வீட்டில், பிறந்து ஐந்து நாளான பெண். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. மைதானத்தில் பொருட்காட்சி நடந்துகொண்டிருந்தது. பலூன் கடையில் ஆளுக்குப் பத்துக் குண்டு, ஜெயித்தவனுக்கு லீவு.

கடைக்காரர் இருபது குண்டையும் ஒரே தட்டில் கொட்டினார். ஈயக் குண்டு. அடிப்பக்கம் நசுங்கியிருந்தால் வளைந்து போகும் என்று எனக்குத் தெரியும், அதற்கு முந்தின நாள்தான் தனியாக வந்து சுட்டுப் பார்த்திருந்தேன். ஆரோக்கியம் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தான். அதற்குள் நல்லது பத்தையும் எனக்குப் பொறுக்கிக்கொண்டேன். மீதி அவனுக்கு.

எனக்கு ஏழு, அவனுக்கு நாலு.

திருவதிகை எங்கே ஓடிப்போகிறது? ஷிப்டு முடித்து பஸ் ஏறியிருந்தால் சாயங்காலம் குழந்தை முகம் பார்த்திருக்கலாம். அவனால்தான் ஷிப்டும் பார்த்து ஊருக்கும் போய் வர முடியாது. பொங்கலுக்கு முன் அவன் அப்பா போய்விட்டார். கல்லறை மண்ணோடு வந்து என் தோளில்தான் அழுதான்.

அந்த வயசில் இரண்டு பேர் தலையிலும் எவ்வளவு முடி. பொருட்காட்சியிலிருந்து பொரி உருண்டை தின்றுகொண்டே குவார்ட்டர்ஸுக்கு நடந்து வந்தோம். அவன்தான் வாங்கிக்கொடுத்தான்.

ஜூன் 12, வியாழன்

மூடியில் பத்துக்கு ஆறு. நல்ல குண்டு நல்ல குண்டுதான்.

சந்தோஷம் வரவில்லை. ஆரோக்கியம் வந்தான், இரண்டு முறை பேச்சை எடுத்தேன். ஒரு முறை கோமதி வந்தாள். இன்னொரு முறை நானே வானத்தைப் பற்றிப் பேசிவிட்டேன்.

காய் மணக்க ஆரம்பித்திருக்கிறது.

ஜூன் 14, சனி

மூட்டம். மழை இல்லை. நாளை மல்லிகா.

காலை பத்து மணி. பின்பக்கப் படியில் நானும் ஆரோக்கியமும். நடுவில் டம்ளரும் கொட்டாங்கச்சியும். சொல்லிவிட்டேன். தட்டு, நசுங்கிய குண்டு, முந்தின நாள் பயிற்சி, எல்லாம்.

அவன் எழுந்து குழாயடிக்குப் போய்க் கை கழுவினான். ரொம்ப நேரம் கழுவினான்.

திரும்பி வந்து உட்கார்ந்தான். "கிறிஸ்துமஸ் அன்னிக்கு அப்பாரு ரெண்டு எல போட்டு வச்சிக்கினு குந்தியிருந்தாராம். பக்கத்து வூட்டுல சொன்னாங்க."



கொட்டாங்கச்சியை என் பக்கம் தள்ளினான். "பத்து எடு. சுடு."

சுட்டேன். ஒன்று பப்பாளிக்கு, ஒன்று பக்கத்து வீட்டுக் கொடிக்கு. பத்தில் ஒன்றும் படவில்லை. நான் குறி பார்த்துத்தான் சுட்டேன், விட்டுக்கொடுக்கவில்லை. அப்போதுதான் அன்று அவன் பக்கம் நின்றால் எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்தது.

இதற்குள் குரங்குகள் இறங்கிவிட்டன. பெரியது சாக்கைக் கிழித்துக்கொண்டிருந்தது. நான் துப்பாக்கியை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

ஆரோக்கியம் பிடுங்கினான். டம்ளரிலிருந்து ஒரே ஒரு குண்டு. டங். ஏழும் மதில் தாண்டி ஓடின.

"மல்லிகாவுக்கு வச்ச பழம்டா, பாத்துக்கினே குந்தியிருக்கிற" என்று என்னைத்தான் திட்டினான். அவனே ஏறிப் பழத்தை அறுத்து இறக்கினான். பால் பட்ட கையை எண்ணெயில் தேய்த்துக்கொண்டே கோமதியிடம் சொன்னான்:

"தங்கச்சி, இவன் தோத்துட்டான். கிறிஸ்துமஸுக்கு இவனுக்கு டூட்டி, எங்க வூட்டுல. காலைல ஆறு மணிக்கு வந்துறணும். எங்க ஊருக்கு வந்து அப்பாரு பேருக்கு ரெண்டு எல போடுறேன்னு இவன் சொன்னா அனுப்பி வைங்க, நானும் கூடப் போறேன்."

டிசம்பர் 25 பக்கத்தைத் திருப்பி எழுதியாயிற்று. முதல் ஷிப்டு, வடக்குத்து. லீவு கிடையாது.