சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள்

என்னைத் ‘தங்கம்’ என்றே கூப்பிட்ட என் அம்மாவுக்கு,

அம்பத்தூர் ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் இறங்க வேண்டிய வேப்பம்பட்டில் நிற்கும் வண்டிகள் இரண்டு போய்விட்டன. எழுந்திருக்கத் தெம்பில்லை.

நான் இப்போது ஐசியூ நர்சுகளுக்கு வகுப்பு எடுக்கிறேன், நம்புவாயா? வீட்டுக்கு ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் நின்றவள். பழக்கம் என்பதற்காக எதையும் செய்யாதீர்கள், ஆராய்ந்து பார்த்து நல்லது என்று தெரிந்ததைச் செய்யுங்கள் என்பதுதான் பாடம். கேட்பவர்கள் காலையிலிருந்து நின்ற கால்களோடு வருகிறார்கள். பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறார்கள். நானும்தான்.

இன்று படுக்கைப்புண் பற்றிய வகுப்பு. தோல் சிவந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, உள்ளே நைந்திருக்கும் சதை இன்னும் நைந்துவிடும் என்றேன். முன்னால் உட்கார்ந்திருந்த கலா அக்கா இருபது வருட நர்ஸ்.

“ஸ்பிரிட் ஊத்தி, பவுடர் போட்டு தேய்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததும் படிச்சவங்கதாம்மா. இருபது வருசமா தேச்சிகினு கீறேன். நீ இன்னா, நேத்து வந்துட்டு தொடாதன்ற?”

எல்லோரும் சிரித்தார்கள். என்னிடம் ஆராய்ச்சிக் கட்டுரைகள் இருந்தன. புரட்டினேன். எழுத்து தெரியவில்லை, உன் முதுகுதான் தெரிந்தது.

பக்கவாதம் வந்து நீ மண்ணூர்பேட்டை வீட்டில் படுத்திருந்தபோது நான் நர்சிங் மூன்றாம் வருடம். நம் குடும்பத்தில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவள், எல்லாம் தெரிந்தவள். உன் இடுப்புக்குக் கீழே கட்டைவிரல் அளவு சிவப்பைப் பார்த்து, தினமும் இரண்டு வேளை அழுத்தித் தேய்த்தேன். “சொகமா கீதுடி தங்கம், இன்னும் கொஞ்சம்” என்பாய். நான்காம் நாள் தோல் என் கையோடு வந்தது. பிறகு புண், காய்ச்சல், நீ போய்விட்டாய். அண்ணனிடம்கூட நான் தேய்த்ததைச் சொன்னதில்லை.

இன்று அவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வழக்கம்போல் தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. கலா அக்கா கேட்டார்.

“அப்போ நான் தேச்சவங்கள்லாம்?”

புண் எப்படியும் வந்திருக்கலாம், நாம் தெரிந்தா செய்தோம் என்று சொல்லியிருக்கலாம். அதை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். மனம் அடங்கவில்லை. உனக்கு எரிந்ததா அம்மா? எனக்காகத்தான் சுகம் என்றாயா?

வகுப்பு முடிந்து, ஆறாம் படுக்கைப் பெரியவரை நானும் கலா அக்காவும் ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். சிவந்த இடம் எதிலும் படாதபடி தலையணை கொடுத்தோம். அக்காவின் கை பழக்கத்தில் அந்தச் சிவப்பை நோக்கிப் போனது. நின்றது. எங்கே வைப்பதென்று தெரியாமல், கடைசியில் அவர் தோளில் போய் உட்கார்ந்தது. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார்.

உனக்குச் சுகமாக இருந்தது தேய்த்ததல்ல, என் கைதான் என்று நினைத்துக்கொள்கிறேன். இனி யாரைத் திருப்பிப் படுக்க வைத்தாலும், எவ்வளவு களைத்திருந்தாலும், தோளில் கொஞ்ச நேரம் கை வைத்திருப்பேன். அதற்கு மட்டும் எந்தக் கட்டுரையையும் தேட மாட்டேன்.

அடுத்த வண்டி வருகிறது. இதில் ஏறிவிடுகிறேன்.

உன் மகள்,
தங்கம்