அச்சேறாத வரிகள்

மயிலாப்பூர்
12-7-1971

அன்புள்ள வல்லி,

இங்கே நலம். அம்மாவுக்கு மூட்டுவலிதான். பகுத்தறிவுப் பத்திரிகை நடத்தத் தொடங்கியதிலிருந்து உனக்கு என் நினைவே இல்லை போலிருக்கிறது.

இன்று பதினோராம் வகுப்பில் பரிணாமப் பாடம். முத்துலட்சுமி என்றொரு பெண் எழுந்து, "அப்போ சாமி இல்லையா டீச்சர்?" என்றாள். "உயிர்கள் எப்படி மாறி வந்துச்சுன்னுதான் பாடம் சொல்லுது. சாமியைப் பத்தி இதுல ஒண்ணும் இல்லை" என்றேன்.

உன்னிடம் மறைப்பானேன்? மாலையில் தொழும்போது, கேட்பதற்கு அங்கே யாராவது இருக்கிறார்களா என்று ஒரு கணம் தோன்றியது. நெற்றி பாயில் பட்டதும் அது போய்விட்டது. இருக்கிறான் என்றே மனம் சொன்னது. இதை உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன்.

உன்
ஜஹீதா


சைதாப்பேட்டை
20-8-1971

ஜஹீ,

தாமதத்துக்குக் கோபிக்காதே. உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பாதி வழி வந்துவிட்டாய். பரிணாமத்தை ஒப்புக்கொண்ட பிறகு கடவுளுக்கு என்ன வேலை? இந்த மாத இதழில் உன் கடிதத்தைப் போட்டுவிட்டேன். பெயர் இல்லை. 'மயிலாப்பூர் விலங்கியல் ஆசிரியை, இஸ்லாமியப் பெண்' என்று மட்டும். 'யாராவது இருக்கிறார்களா' என்பதோடு நிறுத்திக்கொண்டேன். பின்னால் நீ எழுதியிருப்பது வெறும் பழக்கதோஷம். எத்தனை பெண்களுக்குத் துணிச்சல் வரும் பார்.

தோழமையுடன்
சுந்தரவல்லி


மயிலாப்பூர்
28-8-1971

வல்லி,

மயிலாப்பூரில் அப்படி எத்தனை பேர் இருக்கிறோம் என்று நினைத்தாய்? நூர் முஹம்மது மாமா இதழைக் கொண்டுவந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினார். "இந்தப் பாடத்தை நம்பினா இதான் நடக்கும்னு அப்பவே சொன்னேன்" என்றார். அம்மா என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "இத்தனை நாளா என்னை ஏமாத்தத்தான் தொழுதியா?"

நான் சொன்னதை நம்பவில்லை. நான் வைத்த சோற்றைத் தொடுவதில்லை. மாமி வந்து ஆக்கிப் போடுகிறார்.

மீதி வரிகளையும் அச்சிடு. இல்லையென்றால் ஒருநாள் வந்து நீயே அம்மாவிடம் சொல். ஹாஸ்டல் நாட்களில் எத்தனை பெருநாளுக்கு அவர் கையால் சாப்பிட்டிருக்கிறாய்.

ஜஹீதா


சைதாப்பேட்டை
5-9-1971

ஜஹீ,

எனக்கும் வருத்தம்தான். ஆனால் மீதியை அச்சிட்டால், விலங்கியல் டீச்சரே தொழுகிறார் என்று எங்களை எதிர்ப்பவர்கள் மேடைக்கு மேடை பேசுவார்கள். பத்திரிகை என் ஒருத்தியுடையது அல்ல. உனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டென்று நான் வந்து சாட்சி சொல்வதும் என்னால் ஆகாது. அம்மாவுக்குக் கொஞ்ச நாளில் மனம் ஆறிவிடும். நீ பயத்தை விடு.

சுந்தரவல்லி


மயிலாப்பூர்
16-7-1972

சுந்தரவல்லிக்கு,

அம்மா சென்ற மாதம் காலமாகிவிட்டார். கடைசிவரை என் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கவில்லை. "என் பிள்ளைக்கு ஈமானைக் கொடு" என்று இறைவனிடம் துஆ கேட்டுக்கொண்டே இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து ஆமீன் சொன்னேன். என்னிடம் இருந்த நம்பிக்கையையே எனக்காகக் கேட்டுவிட்டுப் போனார்.

நீயும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஆனாலும் ஒன்றை நம்பினால் மற்றதை விட்டுத்தான் ஆகவேண்டும் என்று இருவரும் ஒரே பேச்சைத்தான் பேசினீர்கள். எனக்கு இரண்டுமே உண்மை. அதை நம்பியிருக்க வேண்டியவர் அம்மா ஒருவர்தான்.

நாளை பதினோராம் வகுப்பில் மறுபடி அந்தப் பாடம். விடியலில் தொழுதுவிட்டுப் போய் நடத்துவேன். எப்படிப் போயிற்று என்று எழுத இனி எனக்கு யாரும் இல்லை.

ஜஹீதா