ஒன்றாம் சேனலில் பதிவானது

நாள் 211, 10:15

பேச்சிமுத்து, ஒலிப்பொறுப்பு, மூன்றாம் துளை நிலையம், வியாழனின் நிலவு யூரோப்பா.

காற்றழுத்தம் சரி. வெப்பம் சரி. பனித்துளைக் கதவு சரி. நிலையத்தில் இரண்டு பேர்: நானும், நீருக்குள் வண்டி ஓட்டும் டெல்பின் ரோச்சும். தூத்துக்குடிப் பெண். என்னை அண்ணாச்சி என்பாள்.

இன்றைய வேலை அழைப்பொலியைப் பதிவு செய்வது. இதைப் படிப்பவருக்கு விவரம் தெரியாமல் இருக்கலாம். பனிக்கு அடியில் கடல், கும்மிருட்டு. துளை வழியாக நாங்கள் இறக்கியிருக்கும் ஒலிபெருக்கியின் சத்தத்தை வைத்துத்தான் வண்டி திரும்பி வர வேண்டும். அந்தச் சத்தத்தைத் தருவது ஒரு கருப்புப் பெட்டி. கீபோர்டில் கட்டையை அமுக்கினால் மிடி வயர் வழியாகப் பெட்டிக்கு உத்தரவு போகும், பெட்டி உறுமும். இப்போது பெட்டி தொட முடியாதபடி சுடுகிறது. எந்நேரமும் போய்விடலாம். அதற்குள் அதன் ஒலியைப் பதிவு செய்து, ஒரு நகலை வண்டியில் ஏற்ற வேண்டும். வண்டியிலுள்ள கருவி, தன்னிடமிருக்கும் நகலையும் நீரில் வரும் ஒலியையும் ஒப்பிடும். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் முள் திசை காட்டும். முள் பிடித்துவிட்டால் யாரும் ஓட்டவே வேண்டாம். வண்டி தானாக வந்து துளைக் கதவில் முட்டும்.

நாள் 211, 11:40

பதிவு முடிந்தது. பதினொரு நிமிடம். காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தேன், பெட்டி கணீரென்று உறுமியது. திரையில் பச்சை விளக்குகளும் ஆடின. நடுவில் மேலே சுற்றும் கப்பலிலிருந்து ஜமால் கூப்பிட்டான், அவனோடு கொஞ்சம் ஊர்க்கதை. முடியவும் பெட்டியிலிருந்து புகை வரவும் சரியாக இருந்தது. இனி அது குப்பைதான். நல்லவேளை, நேரத்தில் முடித்தேன்.

டெல்பின் இரண்டு தடவை வந்து, "அண்ணாச்சி, ஒருக்க போட்டுக் கேட்டுட்டுக் குடுங்க" என்றாள். கேட்டாயிற்று என்று சொல்லிவிட்டேன். கோயில் கொடை விழாக்களிலும் மெல்லிசைக் கச்சேரிகளிலும் முப்பது வருடம் சவுண்டு பார்த்தவன் நான். மேடையில் எவன் திரும்பப் போட்டுக் கேட்டான்? காதில் விழுந்தால் ஊருக்கே விழுந்த மாதிரி. நகலை வண்டியில் ஏற்றிவிட்டேன்.

நாள் 212, 09:00

டெல்பின் இறங்கினாள். போக இரண்டரை மணி நேரம், அங்கே இரண்டு மணி நேர வேலை, திரும்ப இரண்டரை. காற்று 16:10 வரை. அழைப்பொலி 13:30க்குத் தொடங்க வேண்டும். பத்து நிமிடம் மிச்சம் இருக்கும். மேலிருந்து கீழே போவது அந்த ஒலி மட்டும். அவளிடமிருந்து குறுஞ்செய்தி வரும். கப்பல் நிலவின் மறுபக்கம் போய்விட்டது, சாயங்காலம்தான் தலைகாட்டும்.

நாள் 212, 13:33

கோப்பைப் போட்டேன். பெட்டியின் ஒலி இல்லை.

வயர்களைப் பார்த்தேன். கீபோர்டிலிருந்து பெட்டிக்கு மிடி: சரி. உத்தரவுகள் எல்லாம் பதிவாகியிருக்கின்றன, எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம் என்று. அது வெறும் உத்தரவு. அதில் சத்தம் கிடையாது. பெட்டியிலிருந்து மிக்சரின் மூன்றாம், நான்காம் சேனல்களுக்கு ஒலி: சரி. ஹெட்போனில் நான் கேட்டது இதைத்தான். மிக்சரிலிருந்து பதிவுக்கு: இங்கேதான் கோளாறு. பதிவு எடுக்கும் இடத்தில் மூன்றும் நான்கும் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்று என்று இருக்கிறது. ஒன்றாம் சேனல், ஜமாலிடம் பேச நான் வைத்திருக்கும் மைக்.

பச்சை விளக்குகள் ஆடியது என் பேச்சுக்கு.

ஆக, கோப்பில் இருப்பது என் குரல். வண்டியில் இருக்கும் நகலும் இதேதான். அனுப்பினால் முள் பிடிக்கும். ஆனால் அனுப்புகிற தரத்தில் இல்லை. வேறு வழி பார்க்கிறேன்.

நாள் 212, 13:52

மிடி உத்தரவுகளைப் பயிற்சிக் கீபோர்டுக்குத் திருப்பிவிட்டேன். ஏதோ ஆர்மோனியம் மாதிரி வாசிக்கிறது. இங்குள்ள உபரிக் கருவியில் நகலை ஏற்றிச் சோதித்தேன், முள் அசையவில்லை. அசையாது என்று எனக்கே தெரியும்.

13:41க்கு வந்த செய்தி: "அண்ணாச்சி, சத்தம் வரல. காத்திருக்கேன்."

நாள் 212, 14:05

கோப்பின் நடுவில் நாற்பது விநாடியை வெட்டிவிட்டுச் சோதித்தேன். முள் நிற்கவில்லை. இன்னொரு விதமாக வெட்டினேன். நிற்கவில்லை.

14:03: "பெட்டி சூடாயிருச்சா? பதறாதீங்க, மெதுவாப் பாருங்க."

நாள் 212, 14:12

முழுக் கோப்பும் அனுப்பப்படுகிறது. பதினொரு நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப ஓடும். தாமதத்துக்குக் காரணம்: கருவிக் கோளாறு.

14:14: "முள் பிடிச்சிருச்சு. வாறேன்."

நாள் 212, 14:40

14:36: "இப்பத்தான் ஸ்பீக்கரப் போட்டேன். இது உங்க குரல்லா. வண்டிக்குள்ள நல்லாக் கேக்குது."

அவள் கேட்டுவிட்டாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது.

வெட்டப் பார்த்த நாற்பது விநாடியில் நான் ஜமாலிடம் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். கை கூசுகிறது. "அந்தப் பொண்ணு சும்மா நச்சரிக்குதுடே. போட்டுக் கேளு, போட்டுக் கேளுன்னு. தண்ணிக்குள்ள போகப் பயம். அதுக்க அப்பன் கடலுக்குப் போயி திரும்பி வரலன்னா அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? பிணம்கூடக் கிடைக்கலியாம். அதச் சொல்லியே ஆளக் கொல்லுது." பிறகு ஒரு சிரிப்பு. ஜமால் சிரிக்கவில்லை. அது நான்தான்.

அப்பாவைப் பற்றி அவள் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறாள். அறைகளை இணைக்கும் பனிக்குழாய் உடைந்து நாங்கள் இருவரும் ஒரே அறையில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டபோது. யாரிடமும் சொன்னதில்லை என்றாள்.

நாள் 212, 15:06

15:02: "அப்பாவப் பத்திச் சொன்னது மூணு தடவ வந்துருச்சு. பரவாயில்ல. நிறுத்திராதீங்க. அத வச்சுத்தான் வாறேன்."

நிறுத்தவில்லை. இங்கும் கேட்கிறது. அந்த இடம் வரும்போது காதைப் பொத்திக்கொள்கிறேன். பிறகு வெட்கமாக இருக்கிறது, அவள் காதைப் பொத்த முடியாதே என்று. கையை எடுத்துவிடுகிறேன்.

நாள் 212, 15:45

15:40: "காத்துக் கணக்கு பாத்தேன். முப்பது நிமிசத்துக்கு மேல குறையுது. மொதல்ல நாப்பது நிமிசம் ஏன் சத்தம் வரல அண்ணாச்சி?"

பதில் அனுப்ப வழியில்லை. வழி இருந்திருந்தால் கருவிக் கோளாறு என்றுதான் சொல்லியிருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

14:12 பதிவில் எழுதியது பொய். 13:33க்கே கோப்பு தயாராக இருந்தது. ஒரு பொத்தானை அமுக்கியிருந்தால் 16:03க்கு வந்திருப்பாள், ஏழு நிமிடக் காற்று மிச்சத்தோடு. அந்த நாற்பது விநாடியை அவள் கேட்டுவிடக் கூடாது என்றுதான் வயர் மாற்றினேன், ஆர்மோனியம் வாசித்தேன், வெட்டினேன். அவளுக்கு நல்ல ஒலி வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காற்று கரையக் கரைய அவள் இருட்டில் உட்கார்ந்திருந்தபோது நான் என் மரியாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாள் 212, 16:00

15:57: "மூச்சக் கொறச்சு விடுதேன். ஸ்பீக்கர நிறுத்தல. பேச்சுத்துணையா இருக்கு."

நாள் 212, 16:14

செய்தி இல்லை.

16:22. இல்லை.

16:31. கணக்கில் தப்பு இருக்கலாம். காற்றுக்கலத்தின் அடியில் கொஞ்சம் தங்கும் என்பார்கள். சின்ன உடம்பு அவளுக்கு.

16:38. இல்லை.

நாள் 212, 16:42

கீழே கதவில் முட்டும் சத்தம். ஒருமுறை. இன்னொருமுறை. 14:12லிருந்து சரியாக இரண்டரை மணி நேரம். வண்டி வந்திருக்கிறது.

வண்டி தானாகவும் வரும், அவள் ஓட்டியும் வரும். இரண்டுக்கும் முட்டும் சத்தம் ஒன்றுதான்.

டெல்பின் என்று கூப்பிட்டேன். மைக் இன்னும் அதே ஒன்றாம் சேனலில்தான் இருக்கிறது. அதில் பேசுவது கப்பலுக்குத்தான் போகும், கீழே போகாது.

அழைப்பொலியை நிறுத்திவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும், அது விதி. இன்னும் நிறுத்தவில்லை. அந்த இடம் வந்துகொண்டிருக்கிறது. இதோ, ஜமாலிடம் சொல்கிறேன். இதோ சிரிக்கிறேன்.

மறுபடியும் முட்டுகிறது.

போகிறேன்