குழாய் நுழையும் சுவர்

ஐப்பசி, வியாழன் இரவு.

பாதி மண்ணுக்குள் இருக்கும் கீழறையின் சுவர் இன்று காய்ந்துவிட்டது.

மழை தொடங்கியதிலிருந்து, குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் கசிவு. புன்னைக்காயலில் படகு வேலை செய்யும் கொழுந்தன் சேவியர் அறைக்குள் நின்று, குழாயைச் சுற்றிப் பஞ்சுத் திரியும் குங்கிலியமும் திணித்து, படகின் பலகை இடுக்கை அடைப்பதுபோல் கலப்பத்து அடித்தான். "படகுக்கே தாங்குது மைனி, சொவருக்குத் தாங்காதா?" மறுநாள் திரி பிதுங்கித் தரையில் கிடந்தது.

கப்பலில் வேலைக்குப் போயிருக்கும் என் கணவர் போனில் தம்பியிடம் சிரித்தார். "ஏலே, படகுக்கு உள்ள உக்காந்தா அடிப்ப? தண்ணி தள்ளுத பக்கம்லா அடைக்கணும்."

அதுவரை ஞாயிறுகளில் மட்டும் கூப்பிடுவார். சீக்கிரமே பேச்சு தீர்ந்துவிடும். பிறகு தினமும் கூப்பிட்டார். "ஏளா, தண்ணி வருதா? கிட்டக் காட்டு." ஒருநாள் சுவரைக் காட்டும்போது, "கையில என்ன சூடு?" என்றார். தோசைக்கல் பட்டதை வேறு யாரும் கவனித்திருக்கவில்லை.

இன்று சேவியர் வெளியே மண்ணைத் தோண்டி, குழாயைச் சுற்றி ரப்பர் வளையம் இறுக்கி, சிமெண்ட் பூசி மூடினான். மாலையில் நல்ல மழை. உள்ளே ஒரு சொட்டு இல்லை. இரவு வழக்கம்போல் அவர் கூப்பிட்டார்.

"தண்ணி வருதா?"

"இல்ல. நின்னுட்டு."

கப்பல் எஞ்சின் சத்தத்துக்கு நடுவே அவர் கேட்டார்.

"அப்போ நாளைக்கு எதக் கேக்க?"

"என்னயக் கேளுங்க" என்றேன். அதற்குள் சிக்னல் போய்விட்டது. அவருக்குக் கேட்டதா, தெரியவில்லை.

கீழறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். போன் மடியில் இருக்கிறது. வெளியே இன்னும் மழை. சுவரில் கை வைத்துப் பார்க்கிறேன். ஈரமே இல்லை.